ஒரே ஜூலையில் 10, 11, 12

கேள்வி: ஜூன் 10, 2025

அமெரிக்காவில் ஹெர்ண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெண்ணுக்கு வரும் 15-ஆம் தேதி 11 வயது நிறைகிறது. நீச்சல் கிளப் கோச் "இனிமேல் 11–12 பிரிவு" என்கிறார். வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் சம்மர் டீம்காரர்கள் 9–10 பிரிவில் பெயர் போட்டிருக்கிறார்கள். இருவரில் யாரோ ஒருவர் தவறு. வயதை மறைத்து நீந்தினாள் என்று நாளைக்குத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? ஊரில் என் அண்ணன் பையனுக்கு அப்படி ஒரு சிக்கல் வந்து வீடே ஒரு மாதம் தூங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 10, இரவு 11:20

இரண்டு பேர் சொல்வதும் சரி. குழம்ப வேண்டாம்.

சம்மர் லீக் ஒரு உலகம், கிளப் வேறு உலகம். நம் பக்கத்து வடக்கு வர்ஜீனியா லீக் 1956-லிருந்து நடக்கிறது. அங்கே ஜூன் 1 அன்று என்ன வயதோ, அதுதான் அந்தக் கோடை முழுவதற்கும் வயது. உங்கள் பெண்ணுக்கு ஜூன் 1-ல் 10. ஆகவே ஆகஸ்ட் வரைக்கும் 9–10. கிளப் என்பது தேசிய நீச்சல் அமைப்பான யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங்கின் கீழ் வருவது. அங்கே பந்தயம் நடக்கும் நாளில் என்ன வயதோ அது.

எங்கள் சின்னவள் ஜூலை 2. போன கோடையில் சனிக்கிழமை காலை பத்து வயதுக்காரியாக நீந்துவாள், கிளப் மீட் வந்தால் பதினொரு வயதுக்காரி. திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் அம்மா, "பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே பிள்ளைக்கு ஒரே மாதத்தில் மூன்று வயது.

ஜூன் 11, காலை 6:05

நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். "பந்தயம் நடக்கும் நாளில்" இல்லை, மீட் தொடங்கும் முதல் நாளில்.

இது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலான கிளப் மீட்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் நடக்கும். வெள்ளிக்கிழமை 10 வயது என்றால், ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கேக் வெட்டினாலும் அந்த மீட்டுக்கு 10-தான். திங்கள் முதல் 11.

ஜூன் 11, மதியம்

ஐயோ. உங்கள் மீட் சரியாக 13, 14, 15 தேதிகளில் என்று இப்போதுதான் பார்த்தேன். என் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்குக் கோச்சுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், தப்பு என்னுடையது. கோச்சிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள், மூத்தவன் அவரிடம்தான் நீந்துகிறான்.

ஆறுதலுக்கு ஒன்று. நுழைவுப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருளே பிறந்த தேதியைப் பார்த்துப் பிரித்துவிடும். நாம் கையால் பிரிவு எழுதிக் கொடுக்கும் வேலையே இல்லை. மறைக்கவும் முடியாது, மறந்து தொலையவும் முடியாது.

ஜூன் 14, சனி

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் 9–10 பிரிவில் கடைசிப் பந்தயமா? பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்று ஒருமுறை காதில் போடுங்கள். ஒரு கை முந்திவிட்டால் டி.க்யூ., அதாவது தகுதி நீக்கம். டி.க்யூ. ஆனால் நேரமே பதிவாகாது. எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் அது கணக்கில் இல்லை.

ஜூன் 18

"பி, பிபி, ஏ, டபுள் ஏ என்று பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள், ஷூ சைஸ் மாதிரி இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அதேதான். நீளமாக எழுத வேண்டிய விஷயம், பொறுமையாகப் படியுங்கள்.

யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும், ஆண் பெண் தனித்தனியாக, ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஆறு நேரங்களை வைத்திருக்கிறது. கீழிருந்து பி, பிபி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ, நாலு ஏ. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒலிம்பிக் முடிந்தபின் புதுப்பிப்பார்கள். இப்போது ஓடுவது 2024–2028 பட்டியல். 25 கெஜக் குளத்துக்கு ஒன்று, 25 மீட்டருக்கு ஒன்று, 50 மீட்டருக்கு ஒன்று என மூன்று பட்டியல். கெஜக் குளம் என்பது 22.86 மீட்டர்தான். குளிர்காலம் முழுக்க நம் பிள்ளைகள் நீந்துவது அதில். ஏப்ரலில் 50 மீட்டர் குளத்துக்கு மாறும்போது திரும்பி உதைக்கச் சுவர் பாதியாகக் குறைந்துவிடும், நேரம் ஏறிவிடும். பிள்ளை மெதுவாகிவிட்டது என்று அந்த மாதம் ஒரு தடவை எல்லா வீட்டிலும் சண்டை நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது.

இந்த எழுத்துகளுக்கு அதிகாரபூர்வப் பெயர் "ஊக்க நேரங்கள்" என்ற பொருளில்தான் இருக்கிறது. அதாவது ஏ வாங்கினால் எங்கேயும் தானாகக் கதவு திறக்காது. ஒவ்வொரு மீட்டும் தனக்கென்று ஒரு தகுதி நேரம் வைக்கும். அதைத்தான் "கட்" என்கிறார்கள். சில மீட்கள் தலைகீழ். "இந்த நேரத்தைவிட வேகமானவர்கள் வரக்கூடாது" என்று மேல்வரம்பு போடும். மூத்தவன் ஒன்பது வயதில் இப்படி ஒரு பிபி மீட்டில் 50 ஃப்ரீயில் சேர முடியாமல் போனான். வேகமாக நீந்தியதற்குத் தண்டனையா என்று மீட் டைரக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக, "ஐயா, அந்த ஹீட்டில் மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் ஒரு ரிப்பன் வேண்டுமே" என்றார். ஹீட் என்பது ஒரே சமயத்தில் சேர்ந்து நீந்தும் குழு. அப்போது கோபம்தான் வந்தது.

இப்போது சின்னவள் கதை. 2024 மார்ச், கெஜக் குளத்துப் பருவத்தின் கடைசி மீட். 9–10 பிரிவில் 50 பிரெஸ்ட். ஏ நேரத்துக்கு அவள் அதுவரை அரை விநாடி பின்னால். கையில் கருப்பு மார்க்கரால் பந்தய எண், ஹீட், லேன் மூன்றும் எழுதியிருந்தாள். வியர்வையில் 4 என்பது 9 மாதிரி ஆகி, தப்பான லேனில் போய் நின்று, கடைசி நொடியில் ஓடிவந்தாள். நான் மேலே படியில் உட்கார்ந்து கைபேசியில் முடிவுகள் செயலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கிறேன், வரவில்லை. தேய்க்கிறேன், வரவில்லை. வந்தபோது ஏ நேரத்தைவிட 0.04 விநாடி அதிகம்.

கண் சிமிட்ட ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. ஏப்ரலில் கெஜக் குளம் முடிந்துவிட்டது. ஜூலை 2-ல் அவள் 11. அடுத்த கெஜக் குளப் பருவம் வரும்போது 11–12 பட்டியல், அதில் அவள் நேரம் பிபிக்கே மூச்சு வாங்கியது. ஆக, அந்த 9–10 ஏ என்பது இந்த ஜென்மத்தில் கிடைக்காது. காரில் வரும்போது நான் இதை அவளுக்கு விளக்கினேன். ஆமாம், விளக்கினேன். எனக்கே இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் பின்சீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, ரெண்டு செகண்ட் குறைஞ்சிருக்கு, அதப் பத்திப் பேசுங்க" என்றாள்.

ஜூன் 19

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "இரண்டு விநாடியா? அரை விநாடி பின்னால் இருந்தவள் இரண்டு விநாடி குறைத்தால் ஏ-யைத் தாண்டியிருக்க வேண்டுமே" என்று சரியாகப் பிடித்திருக்கிறார். பழைய பதிவைப் பார்த்தேன். இரண்டு விநாடிக்குச் சற்று மேலே பின்னால் இருந்தாள், அரை அல்ல. நினைவில் நான் 0.04-ஐப் பெரிதாக வைத்துக்கொண்டு இரண்டு விநாடியைச் சுருக்கியிருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முதல் சனிக்கிழமை மீட் முடிந்தது. புதிதாக வந்தவர்களுக்காக இந்த லீக்கின் படிநிலையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும்.

நூறு டீம்களுக்கு மேல். ஆறு ஆறு டீமாகப் பிரிவுகள். பலத்தை வைத்து வருடா வருடம் மாற்றிப் போடுவார்கள். ஐந்து சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஒரு டீமோடு மோதல். அதுதான் ஏ மீட். ஒரு பந்தயத்துக்கு ஒரு டீமிலிருந்து மூன்று பேர் மட்டும். மற்ற பிள்ளைகளுக்கு வார நாளில் மாலையில் பி மீட். அப்புறம் ஒரு பிரிவின் ஆறு டீமும் சேர்ந்து மோதும் டிவிஷனல், ஒரு பந்தயத்துக்கு டீமுக்கு இரண்டு பேர். அதில் வரும் நேரங்களை லீக் முழுக்க வரிசைப்படுத்தி முதல் 18 பேருக்கு ஆல் ஸ்டார் போட்டி.

கவனியுங்கள், இந்த ஏ, பி வேறு. கிளப்பில் சொல்லும் ஏ, பி வேறு. ஏ மீட்டில் நீந்தும் பிள்ளைக்கு ஏ நேரம் இருக்க வேண்டியதில்லை. முதல் வருடம் இது தெரியாமல் நான் மச்சினியிடம் தொலைபேசியில் "பெரியவன் ஏ ஆயிட்டான்" என்று சொல்லி, அவர் அதைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டு, கோயம்புத்தூர் வரை வாழ்த்து வந்துவிட்டது. திருத்தம் போட மனசு வரவில்லை. ஆறு வருடம் கழித்து இங்கே போடுகிறேன்.

இன்னொன்று. சனிக்கிழமை நேரம் எதுவும் கிளப் கணக்கில் ஏறாது. லீக்கில் 25 மீட்டர் குளத்தில் பறந்தாலும், யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் அனுமதி பெற்ற மீட்டில் வந்த நேரம்தான் கட்டுக்குச் செல்லும். உங்கள் பெண்ணுக்கு 9–10-ல் இன்னொரு லாபம் உண்டு. லீக்கில் பட்டர்ஃப்ளை அந்த வயதுக்கு 25 மீட்டர்தான். கிளப்பில் 50. பாதிக் குளத்தில் கை தூக்க முடியாமல் மூழ்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய கருணை என்று.

பொடிசுகள் நீந்தும் இந்த லீக்கா என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் இதே மாதிரி ஒரு கோடை லீக்கில்தான் கேட்டி லெடெக்கி நீந்தத் தொடங்கினார். 15 வயதில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம்.

ஜூன் 22, பிற்பகல்

லெடெக்கி பெயரைச் சொன்னதும் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பி எந்தக் குளம், எந்தக் கோச் என்று கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஏழு வயது. முதலில் கண்ணாடியைத் தானே மாட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

ஜூலை 6

நீச்சலுடை பற்றிய கேள்விக்கு. வாங்காதீர்கள்.

முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் பந்தய உடை 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குச் சாதாரண கிளப் மீட்களில் கிடையாது. 2020 செப்டம்பரிலிருந்து விதி. தையலுக்குப் பதில் ஒட்டிய மூட்டு இருந்தாலே போச்சு. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து சித்தப்பா ஆசையாக வாங்கி அனுப்பிய உடையைச் சின்னவள் போட்டுக்கொண்டு நின்றபோது, குளக்கரையில் இருந்த அதிகாரி அம்மா முட்டி போட்டு அமர்ந்து, தையலைத் தடவிப் பார்த்து, "கண்ணு, இது அழகா இருக்கு, ஆனா பதிமூணு வயசு ஆகட்டும்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். மாற்று உடை பையில் இருந்தது. ஈரமான பயிற்சி உடை. அதைப் போட்டுக்கொண்டுதான் நீந்தினாள், அதில்தான் அவளது சிறந்த 100 ஃப்ரீ வந்தது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உடை அலமாரியில் இருக்கிறது. பதிமூன்று வயதில் அது அவளுக்குச் சேராது.

உறுப்பினர் கட்டணத்திலும் ஒரு பொறி உண்டு. ஃப்ளெக்ஸ் என்று குறைந்த கட்டணத்தில் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு சின்ன மீட் மட்டும். 2019-ல் சிக்கனம் பார்த்து மூத்தவனுக்கு அதைப் போட்டேன். பயல் பருவக் கடைசி சாம்பியன்ஷிப்புக்குக் கட் எடுத்துவிட்டான். பெயர் கொடுக்கப் போனால் தகுதி இல்லை. மீதிப் பணத்தைக் கட்டி மாற்றிவிட்டோம், ஒரே நாள் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாள் வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். கூப்பன் வெட்டுபவர் என்ற பெயர் இன்னும் போகவில்லை.

ஜூலை 9

சென்னையிலிருந்து என் தம்பி இதையெல்லாம் படித்துவிட்டு, "உங்க ஊர்ல பிறந்தநாள் வந்தா பிரிவு மாறுது, எங்க ஊர்ல வருஷம் பிறந்தா மாறுது" என்று எழுதியிருக்கிறான். அவன் பையன் வேளச்சேரிக் குளத்தில் பயிற்சி. பிறந்தது டிசம்பர் 27.

இந்தியாவில் தேசிய சப் ஜூனியர், ஜூனியர் போட்டிகளில் பிறந்த ஆண்டுதான் கணக்கு. குரூப் ஒன்று, இரண்டு என்று பிரிப்பார்கள், பெரிய பிள்ளைகள் ஒன்றில். டிசம்பர் 27-ல் பிறந்தவன், அதே ஆண்டு ஜனவரி 2-ல் பிறந்தவனோடு ஒரே வயதாக நிற்பான். கிட்டத்தட்ட ஒரு வருடம் சின்னவன். பதினோரு வயதில் ஒரு வருடம் என்பது ஒரு முழம் கை நீளம். தம்பி ஆரம்பத்தில் ரொம்பப் புலம்பினான். ஐந்து நாள் பொறுத்துப் பிரசவம் ஆகியிருந்தால் என்று அவன் மனைவியிடமே சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டான்.

பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று இன்னொரு கோடு. ஆக, அங்கேயும் ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று வயது உண்டு.

முதல் கேள்வியில் அண்ணன் பையன் பற்றி ஒரு வரி இருந்ததே, அது இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் பயம் அங்கிருந்து வந்தது. அங்கே வயதைக் குறைத்துக் காட்டுவது பழைய நோய். 2010-ல் மத்திய அரசு அதற்கென்றே ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். அதில் ஒரு கஷ்டம், உண்மையான வயதைச் சொன்ன பிள்ளைக்கே எலும்பு சீக்கிரம் முதிர்ந்திருக்கலாம். காகிதம் ஒன்று சொல்லும், எலும்பு ஒன்று சொல்லும், பிள்ளை நடுவில் நிற்கும். இங்கே உங்கள் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. பிறப்புச் சான்றிதழ் கொடுத்தீர்கள், முடிந்தது.

ஜூலை 10

"அப்படியானால் விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே நேஷனல்ஸ் நீந்தலாமா, இங்கே போட்டி அதிகம்" என்று வேறொருவர். பிள்ளையின் பாஸ்போர்ட் என்ன நிறம்? இந்தியாவுக்காக நீந்த இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். 2008 டிசம்பரிலிருந்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையோடு நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்ய முடியாது. இங்கே பிறந்த என் இரண்டு பேருக்கும் அந்தக் கதவு கிடையாது. மூத்தவன் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "நான் இன்னும் செக்‌ஷனல் கட்டே எடுக்கலை, நீங்க ஒலிம்பிக்ஸுக்கு எந்த நாடுன்னு பேசறீங்க" என்றான். அவன் சொன்னது தேசியப் போட்டிக்கும் கீழே உள்ள வட்டாரப் போட்டி.

எந்த நாடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பெங்களூரு தினிதி தேசிங்கு உதாரணம். 14 வயதில் 2024 பாரிஸில் 200 ஃப்ரீ நீந்தினார். நேரடித் தகுதி நேரம் இல்லாத நாடுகளுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று கொடுக்கும் இடத்தில் போனார். இங்கே அமெரிக்க டிரயல்ஸில் இரண்டே இடத்துக்கு எத்தனை பேர் முட்டுகிறார்கள் என்று பாருங்கள். தினிதி போனதைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தியாவில் அத்தனை பெண்களில் மேலே வந்து, அந்த மேடையில் அந்த வயதில் நிற்பது என்னால் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

ஜூலை 13

மூத்தவனைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 14 வரைதான் வயதுப் பிரிவுகள் பிள்ளையைக் காக்கும். நம் பக்கத்தில் மார்ச்சில் ஜேஓ எனும் உள்ளூர்ச் சாம்பியன்ஷிப், ஆகஸ்டில் கிழக்கு மண்டலப் போட்டி எல்லாம் சின்னப் பிள்ளைகளை மையமாக வைத்தவை. அதன்பின் செக்‌ஷனல், ஃப்யூச்சர்ஸ், ஜூனியர் நேஷனல்ஸ். ஜூனியர் நேஷனல்ஸுக்கு 18 வயது வரம்பு உண்டு, செக்‌ஷனலுக்கு அதுகூட இல்லை, நேரம் இருந்தால் வா. பதினைந்து வயதுப் பையன் பக்கத்து லேனில் தாடி வைத்த கல்லூரிக்காரனைப் பார்த்து விழிப்பது அங்கேதான்.

பள்ளி டீம் வேறு. அங்கே ஒரு மீட்டில் தனிப் பந்தயம் இரண்டுதான், ரிலேயோடு சேர்த்து நான்கு. கிளப்பில் கண்டபடி நீந்திப் பழகியவனுக்கு இது பட்டினி. ஆனால் அவன் மிகவும் விரும்புவது பள்ளி மீட்டைத்தான். காரணம் கேட்டேன். "அங்க யாரும் அப்பா மாதிரி ஃபோனைத் தேய்க்க மாட்டாங்க" என்றான்.

ஜூலை 27

நேற்று டிவிஷனல். நான் லேன் 5-ல் டைமர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே 0.04 பற்றி நான் அழுததை நானே திரும்பப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

கிளப்பில் சுவரில் தொடுபலகை இருக்கும், பிள்ளை தொட்டால் மின்கடிகாரம் நிற்கும். சனிக்கிழமை லீக்கில் ஆள்கள்தான். ஒரு லேனுக்கு மூன்று பேர், மூன்று ஸ்டாப்வாட்ச். நடுவில் வரும் நேரம் அதிகாரபூர்வம். விளக்கு மின்னியதும் அமுக்க வேண்டும், பிள்ளையின் விரல் சுவரில் பட்டதும் அமுக்க வேண்டும். குனிந்து நேராகத் தண்ணீருக்குள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாது. குனிந்தால் முகத்தில் தண்ணீர் அடிக்கும்.

9–10 பெண்கள் 50 பிரெஸ்ட். என் வாட்ச் ஒரு எண், பக்கத்தில் இருந்த தாத்தா வாட்ச் அதைவிட 0.11 குறைவு, மூன்றாவது அம்மா நடுவில். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட்டையில் மூன்றையும் எழுதினேன். அம்மாவின் நேரம் நின்றது. அந்தப் பந்தயத்தில் ஆல் ஸ்டாருக்கு 18-ஆவது இடமும் 19-ஆவதும் பிரிந்தது அதைவிடக் குறைந்த இடைவெளியில். யாரோ ஒரு பெண்ணின் கோடை மூன்று அப்பா அம்மாக்களின் கட்டைவிரலில் போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் இன்று காரில் என்ன விளக்கம் நடக்கிறதோ.

லேன் 5-ல் நீந்தியது உங்கள் பெண் என்று தொப்பியைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. டி.க்யூ. இல்லை. இரண்டு கையும் ஒன்றாகத் தொட்டாள், நான் சாட்சி. ஐந்தாவது. ஆல் ஸ்டார் பட்டியலுக்கு அருகில் இல்லை. மேலே ஏறி வந்து என்னிடம், "அங்கிள், என் டைம் என்ன?" என்று கேட்டாள். டைமர் சொல்லலாம், தப்பில்லை. சொன்னேன். ஜூனில் வந்ததைவிட நல்ல நேரம் போல, நீச்சல் கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

சிங்கப்பூரில் உலகப் போட்டி பார்த்தீர்களா? சீனாவின் யூ ஸிடி, வயது 12. குறைந்தபட்ச வயது 14 என்று விதி இருக்கிறது, தகுதி நேரம் எடுத்தவர்களுக்கு அது தடையில்லை. அப்படி வந்தாள். நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 200 மெட்லியில் நான்காவது, வெண்கலத்துக்கு 0.06 விநாடி பின்னால். 200 பட்டர்ஃப்ளையில் நான்காவது. 400 மெட்லியிலும் நான்காவது. தொடர் நீச்சலின் முதல் சுற்றில் நீந்தியதற்காக வெண்கலம் கிடைத்தது.

எங்கள் வீட்டில் சின்னவளும் 12. சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். 0.06 என்று திரையில் வந்ததும் நான் வாயைத் திறந்தேன். அவள் கையைத் தூக்கி, "பேசாதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 5

அந்த வயதில் அப்படி நீந்தவிடலாமா, கூடாதா என்று கீழே பெரிய சண்டை நடக்கிறது. இரண்டு பக்கமும் பாதி சரி என்று எழுதி அழித்தேன். பன்னிரண்டு வயதுக்குப் பயிற்சி எவ்வளவு என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. நம் ஊர் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான மீட் அமர்வு நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட வேண்டும் என்று விதி வைத்தவர்களை நான் இத்தனை வருடம் சபித்திருக்கிறேன், பந்தயங்களைக் குறைக்கிறார்கள் என்று. பெரிய மீட்களுக்கு அந்த விதி பொருந்தாது. அப்படி ஒரு சாம்பியன்ஷிப்பில் ஆறு மணி நேரம் ஈரத் துண்டோடு தரையில் தூங்கிய பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி நடந்தபோதுதான் அந்த விதியின் அருமை தெரிந்தது.

ஆகஸ்ட் 19

உங்கள் கடைசிக் கேள்விக்கு. செப்டம்பரில் கெஜக் குளப் பருவம் தொடங்கும்போது உங்கள் பெண் எல்லா இடத்திலும் 11–12-தான், இரட்டை வயது தீர்ந்தது. பழைய நேரங்கள் அப்படியே கூட வரும், அளவுகோல்தான் மாறும். போன வருடம் நடு ஹீட்களில் நீந்தியவள் இப்போது முதல் ஹீட்டில் இருப்பாள். மெதுவானவர்கள்தான் முதலில் நீந்துவார்கள், ஆகவே "முதல் ஹீட்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

கிளப் மாறும் எண்ணம் இருந்தால் பருவம் தொடங்குமுன் மாறுங்கள். மாறியபின் சில காலம் எந்த டீமும் சேராதவளாக நீந்த வேண்டியிருக்கும், ரிலே கிடையாது. அந்த வயதில் ரிலே இல்லாத மீட் பாயசம் இல்லாத பந்தி.

செப்டம்பர் கடைசியில் வரும் முதல் மீட்டுக்கு டைமர் பதிவு நேற்றே திறந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஓர் அமர்வு செய்தாக வேண்டும். லேன் 5-ல் என் பெயர் போட்டிருக்கிறேன், பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள்.